ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஹேண்ட் பிரேக் லீவர் லொடலொடன்னு ஆடுது, மேட்டுல நிக்கவும் மாட்டேங்குது

பாளை ஹெரால்டு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வண்டி 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு, 948 சி.சி. என்ஜின். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்க ஹேண்ட் பிரேக் லீவர்லதான் பிரச்சினை.

லீவரை விட்ட நிலையில நுனியைப் பிடிச்சு இடது வலதா ஆட்டுனா ரெண்டு விரல் அகலத்துக்கு ஆடுது. மேல இழுத்தா பத்து, பதினொரு பல் ஏறுன பிறகுதான் பின்சக்கரம் லேசா பிடிக்குது. சமதரையில பரவாயில்ல. பாபநாசத்துல இருந்து காரையாறு ஏறுத ரோடு மாதிரி சரிவுல நிறுத்துனா, சில நேரம் லீவர் நிக்குது, சில நேரம் ‘டக்’குன்னு சத்தம் கேட்டு லீவர் தானா கீழ விழுந்துருது. கீழ விழாத நேரத்துலயும் வண்டி மெல்ல நகரும். கால் பிரேக் நல்லாருக்கு.

இங்க பட்டறையில கேட்டா, கேபிள் இழுத்துப்போச்சு, டைட் வச்சா சரியாயிரும்னு சொல்லுதாங்க. கேபிளை டைட் வச்சா லீவர் ஆட்டம் எப்படி நிக்கும்னு எனக்குப் புரியல. எதை முதல்ல பாக்கணும்? எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதின்னு கொடுக்க சர்டிபிகேட்) புதுப்பிக்கணும், அதுக்குள்ள சரி பண்ணணும். கையில மில்லிமீட்டர் ஸ்பேனர் செட், ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு இருக்கு.

ஜங்ஷன் மெக்கானிக்

தம்பி, கேபிளை இப்பத் தொடாதீங்க. நீங்க சொன்னது மூணு கோளாறு. அதுல ரெண்டு ஒண்ணுக்கொண்ணு சொந்தம், மூணாவது வேற இடத்துல இருக்கு.

லீவர் பக்கவாட்டுல ஆடுதது அடியில அதுக்கு அச்சாணியா இருக்க பிவட் பின்னும் அது போற ஓட்டையும் தேஞ்சதால. லீவர் சாய்ஞ்சு நிக்கும்போது, பல் தகட்டுல போய் விழுற நாக்கும் சாய்ஞ்சுதான் விழும். பல்லோட முழு அகலத்துலயும் உக்காராம ஒரு ஓரத்துல மட்டும் பிடிக்கும். அந்த ஓரம் சீக்கிரம் மழுங்கும். பிறகு பாரம் வந்ததும் வழுக்கி, ‘டக்’குன்னு விட்டுரும். ஆட்டமும் தானா விழுறதும் ஒரே நோய்தான்.

பதினொரு பல் ஏறுறதுக்குக் காரணம் பின்சக்கரத்துல இருக்கு. சக்கரத்தோட சுத்துற டிரம்முக்கும், அதை உள்ள இருந்து உரசிப் பிடிக்கிற ஷூ மேல உள்ள லைனிங்குக்கும் இடைவெளி கூடிப்போச்சு. கேபிள் கடைசியா பாக்க வேண்டிய ஆள். பின்சக்கரத்துல இருக்க இடைவெளியைக் கேபிளை இழுத்து மறைச்சா, ஷூ பாதி விரிஞ்ச நிலையிலேயே கெடக்கும். லீவரைக் கீழ விட்டாலும் முழுசா விடாது. டிரம் சுடும், லைனிங் கருகும், அதுக்கப்புறமும் மேட்டுல பிடிக்காது.

முதல்ல எது ஆடுதுன்னு கண்டுபிடிங்க. வண்டியைச் சமதரையில நிறுத்தி ரெண்டு முன்சக்கரத்துக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை கொடுங்க. ஹேண்ட் பிரேக்ல வேலை பாக்கும்போது ஹேண்ட் பிரேக்கை நம்பி எவனும் அடியில போகக்கூடாது. கியரையும் ஃபர்ஸ்ட்ல போட்டு விடுங்க. லீவரைச் சுத்தி இருக்க ரப்பர் கவரையும் கார்பெட்டையும் எடுங்க. ஒருத்தர் லீவரை ஆட்டட்டும், இன்னொருத்தர் டார்ச் அடிச்சு அடியில பாக்கட்டும்.

லீவரைத் தரையோட பிடிச்சிருக்க பிராக்கெட் அசையாம லீவர் மட்டும் ஆடுனா பிவட் தேய்மானம். லீவரோட சேர்ந்து பிராக்கெட்டும் ஆடுனா போல்ட் லூஸ். போல்ட் டைட்டா இருந்தும் ஆடுனா தரைத் தகடு ஓட்டையைச் சுத்திக் கிழிஞ்சிருக்கு. கைப்பிடி மட்டும் குழாய் மேல சுத்துனா அது சின்ன விஷயம்: பழைய பசையைச் சுரண்டி, ரப்பர் பசை தடவி மாட்டுனா தீர்ந்துது. நுனியில இருக்க பட்டன்ல மட்டும் பசை இறங்கக்கூடாது.

அடுத்தது நாக்கு. லீவரை நாலு பல் இழுத்து, பட்டனைத் தொடாம, உள்ளங்கையால கைப்பிடியை ஓங்கிக் கீழ அமுக்குங்க. ஆறாவது பல், எட்டாவது பல், பத்தாவது பல்லுலயும் இதே மாதிரி. எல்லாத்துலயும் விட்டா நாக்கு மழுங்கியிருக்கு, இல்லன்னா நாக்கு ஸ்பிரிங் சோர்ந்துபோச்சு. ஒரு சில பல்லுல மட்டும் விட்டா அந்தப் பல்லுதான் தேஞ்சிருக்கு. இன்னொண்ணும் உண்டு: பட்டன்ல இருந்து நாக்குக்குப் போற கம்பி வளைஞ்சோ துரு ஏறியோ சிக்கியிருந்தா நாக்கு முழுசா இறங்காது. பட்டனை அமுக்கி விட்டா ‘சட்’டுன்னு வெளிய வரணும், சோம்பேறித்தனமா வந்தா முதல்ல கம்பியைக் கழத்தித் துடைங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

ஸ்பேனர் விஷயம்: இந்த வண்டி இன்ச் கணக்கு, யூ.என்.எஃப்.ங்கிற நெருக்கமான இன்ச் மரை. அரை இன்ச் தலையில 13 மி.மீ. ஸ்பேனர் மாட்டத்தான் செய்யும், ஆனா 0.3 மி.மீ. லூசா நிக்கும். துரு ஏறுன போல்ட்ல அது போதும், மூலை உருண்டுரும். 7/16, 1/2, 9/16 ரிங் ஸ்பேனர் மூணையும் வாங்கிருங்க.

பேட்டை லேத்

ஜங்ஷன் அண்ணாச்சி சொன்னதுல பிவட் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுதேன். நிறைய பேர் கெடுக்கது அங்கதான்.

ஆட்டத்தை நிப்பாட்ட பிவட் நட்டை இறுக்குவாங்க. பிராக்கெட்டுல பின் நுழையிற ரெண்டு காதும் உள்ள வளைஞ்சு லீவரைக் கவ்விப் பிடிக்கும். ஆட்டம் நின்னமாதிரி இருக்கும். ஆனா லீவர் தானா முழுசாக் கீழ இறங்காது, ஒண்ணு ரெண்டு பல் உயரத்துலயே நிக்கும். ஓட்டுறவருக்கு அது தெரியாது. நாலு கிலோமீட்டர் போனா பின் டிரம்ல கை வைக்க முடியாது.

கணக்கு இதுதான். பின்னுக்கும் ஓட்டைக்கும் அரை மில்லி இடைவெளி, லீவரோட அடித் தகடு அகலம் 12 மி.மீ., பின்னுல இருந்து கைப்பிடி நுனி 300 மி.மீ.ன்னு வைங்க. இடைவெளியை ரெண்டால பெருக்கி, அகலத்தால வகுத்து, 300ஆல பெருக்குனா 25 மி.மீ. அரை மில்லி தேய்மானம் மேல ஒரு இன்ச் ஆட்டமாத் தெரியும். இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியும். ஒண்ணு, இடைவெளியைக் குறைக்கணும். ரெண்டு, லீவர் பின்னைப் பிடிக்கிற அகலத்தைக் கூட்டணும். ரெண்டாவதை யாரும் யோசிக்கது இல்ல.

தம்பி, பின்னைக் கழத்தி வெர்னியர்ல நாலு அளவு எடுத்து எழுதுங்க: பின்னோட தேயாத நுனி, தேஞ்ச நடுப்பகுதி, லீவர் ஓட்டை (மேல கீழயும் பக்கவாட்டுலயும் தனித்தனியா), ரெண்டு காதுக்கும் உள்ள உள்பக்க இடைவெளி. காது ஓட்டையும் முட்டை வடிவமாயிருச்சான்னு பாருங்க. லீவரைக் கழத்துறதுக்கு முன்னால கேபிள் முனையில இருக்க பின்னை எடுக்கணும். வாஷர் எத்தனை, எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்துக்கிடுங்க.

பாளை ஹெரால்டு

அண்ணாச்சி, பிராக்கெட் ஆடல, லீவர் மட்டும்தான் ஆடுது. அளவு:

பின்னோட நுனி 9.5 மி.மீ., நடுவுல 9.15. லீவர் ஓட்டை ஒரு பக்கம் 9.6, இன்னொரு பக்கம் 9.8. அடித் தகடு அகலம் 11. காதுக்கு உள்பக்கம் 21. காது ஓட்டை ரெண்டும் வட்டமாத்தான் இருக்கு, 9.55.

நாக்கு சோதனையில 7, 8, 9 ஆகிய பல்லுல விடுது. 3, 4ல கெட்டியா நிக்குது. நாக்கோட முனை ஒரு ஓரம் மட்டும் மினுமினுன்னு மழுங்கியிருக்கு, மறு ஓரம் புதுசு மாதிரி இருக்கு. கழத்தும்போது உள்ள செம்மண்ணும் கிரீசும் சேந்து கட்டியா வந்துது.

தரைத் தகட்டுல ஒரு போல்ட் ஓட்டைப் பக்கம் சின்ன விரிசல் மாதிரி ஒரு கோடு தெரியுது, ஒரு 15 மி.மீ. நீளம். பெயின்ட் விரிசலா தகடு விரிசலான்னு தெரியல.

பேட்டை லேத்

0.65 இடைவெளி, 11 அகலம், 35 மி.மீ. ஆடும். நீங்க சொன்ன ரெண்டு விரல் சரியா வருது. காது ஓட்டை தப்பிச்சது பெரிய விஷயம், அதுவும் போயிருந்தா வெல்டிங் வேலை.

செய்ய வேண்டியது: லீவர் ஓட்டையை 13 மி.மீ.க்குப் பெருசாக்கணும். கை டிரில் வேண்டாம், ஏற்கெனவே முட்டையான ஓட்டையில டிரில் பிட் தேஞ்ச பக்கமாவே ஓடும். லேத்லயோ மில்லிங்லயோ பழைய மையத்தைப் பிடிச்சு போர் பண்ணணும். தேயாத பக்கத்தை வச்சுத்தான் மையம் எடுக்கணும். மையம் நகர்ந்தா நாக்குக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் மாறிரும்.

அதுக்குள்ள ஏத்துற புஷ் (குட்டிக் குழாய் மாதிரி உறை) கன் மெட்டல்ல, அதாவது வெண்கல வகையில போடுங்க. வெளிவிட்டம் ஓட்டையைவிட 0.03 மி.மீ. கூட, அழுத்தி ஏத்தணும். ஏத்துன பிறகு உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால உள்ள 9.4 வச்சு ஏத்தி, அதுக்கப்புறம் ரீமர் (ஓட்டையைத் துல்லியமாச் சீவுற கருவி) விட்டு 9.58க்குக் கொண்டுவாங்க. புதுப் பின் 9.52, அதாவது மூணு நூல் (3/8 இன்ச்). இடைவெளி 0.06.

புஷ்ஷோட மொத்த நீளம் 20.7. லீவர் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு காது வரைக்கும் போகணும். 21ல 0.3 விளையாட்டு போதும். இப்பக் கணக்குப் போடுங்க: 0.06, 20.7, 300. நுனியில ரெண்டு மில்லிக்கும் குறைவு.

இதுல ஒரு பொறி இருக்கு. ரெண்டு பக்கமும் சரிசமமா நீட்டுனா போதும்னு லேத்காரர் செஞ்சிருவாரு. கூடாது. பல் தகடு எங்க நிக்குதோ அதுக்கு நேரா நாக்கு வரணும். லீவரை காதுக்கு நடுவுல வச்சு, நாக்கைப் பல்லுல விட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டணும்னு முதல்லயே அளந்து சொல்லுங்க. ஒரு பக்கம் 6, மறுபக்கம் 3.7ன்னு வந்தாலும் வரும். அதே மாதிரி நீட்டுற பகுதியோட விட்டம் பல் தகட்டை உரசக்கூடாது.

பின்னுக்கு இ.என். 8 ஸ்டீல் பிரைட் பார் போதும். போல்ட்தான் போடுவேன்னா 8.8 கிரேடுல, காதுல இருந்து காது வரை மரை இல்லாத தண்டு உள்ளதா எடுங்க. தலையில இருந்து கடைசி வரை மரை வெட்டுன போல்ட்டைப் போட்டா மரை முகடு ரம்பமா வேலை பாத்து புஷ்ஷை அரிச்சுரும். நட்டு, தானா கழலாத நைலாக். காதை வளைக்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்க: லீவரைத் தூக்கி விட்டா அதோட எடையிலயே கீழ விழணும்.

நாக்கு: மழுங்குன முனையை அரம் வச்சு நேராக்குறது ஆசையாத்தான் இருக்கும். நாக்கோட மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்துனது. அரம் நல்லாப் பிடிச்சு வெட்டுதுன்னா கடினமான தோல் ஏற்கெனவே போயிருச்சுன்னு அர்த்தம். வெல்டிங் வச்சு நிரப்புனாலும் பக்கத்துல இருக்க இரும்பு இளகிரும். புதுசு செய்யதுதான் சரி. பழைய லீஃப் ஸ்பிரிங் துண்டைப் பழுக்கக் காய்ச்சி சாம்பல்ல மெல்ல ஆறவிட்டா அறுக்க, அரம் போட இளகும். பழைய நாக்கோட தேயாத ஓரத்தை மாதிரியா வச்சு வடிவம் கொண்டுவந்து, செக்கச்செவேல்னு காய்ச்சி எண்ணெயில முக்குங்க. அப்படியே மாட்டுனா கண்ணாடியா உடையும். மினுக்கி, மெல்லச் சூடேத்தி, மஞ்சள் தாண்டி நீலம் வந்ததும் நிறுத்துங்க. பல் தகட்டைவிட நாக்கு ரொம்பக் கடினமாப் போயிட்டா தகட்டைத் தின்னுரும். நாக்கை மாத்துறது லேசு, தகட்டை மாத்துறது லேசு இல்ல.

செம்மண் சொன்னீங்கல்லா, தேரிக்காட்டுப் பக்கம் ஓடுன வண்டியா இருக்கும். அந்த மண்ணும் கிரீசும் சேந்தா தீட்டுற பசைதான். பிவட்டுல கிரீசை அப்பி வைக்காதீங்க, உள்ள ஒரு பூச்சு, வெளிய வழிஞ்சதைத் துடைச்சிரணும். ரப்பர் கவர் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. பல்லுலயும் நாக்குலயும் கிரீசே வேண்டாம்.

உவரிக்கரை

அந்தக் கோட்டைப் பத்தி யாரும் பேசலையே. கோட்டு மேல கம்பி பிரஷ் போட்டுத் தேய்ங்க. பெயின்ட் போனதும் கோடும் போச்சுன்னா விடுங்க. உள்ள கருப்பா நின்னா தகடு விரிசல். ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால சுத்திக் குத்திப் பாருங்க. பொதபொதன்னு உள்ள போனா அந்த இடமே போச்சு.

ஹெரால்டுல சேசிஸ் தனி, பாடி தனி. தரைத் தகடு மெலிசு, அதுல விரிசல் விட்டா வண்டி முறிஞ்சு விழாது. ஆனா ஹேண்ட் பிரேக் இழுக்க ஒவ்வொரு தடவையும் அந்தத் தகட்டைத்தான் மேல பிய்க்குது. கார்பெட்டுக்கு அடியில சணல் ஃபெல்ட் போட்டிருப்பாங்க. சாரல்லயோ மழையிலயோ நனைஞ்சா அது காயவே காயாது, தகடு அடியில ஊறிக்கிட்டே கெடக்கும். எங்க கடக்கரையில உப்புக் காத்து வேற. ஃபெல்ட்டை எடுத்து வெளிய போடுங்க.

தகடு விரிசல்னா முறை இது. விரிசல் முடியிற நுனியில 3 மி.மீ. ஓட்டை போடுங்க, இல்லன்னா வெல்டிங் சூட்டுல ஓடிக்கிட்டே போகும். பேட்டரியோட ரெண்டு வயரையும் கழத்துங்க. கார்பெட், சீட்டு, ஃபெல்ட் எல்லாம் வெளிய. அடியில போற பிரேக் பைப், பெட்ரோல் பைப் எங்க இருக்குன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் நெருப்பு வைக்கணும். பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கணும். மிக் வெல்டிங் நல்லது, கேஸ் வெல்டிங்ல மெல்லிய தகடு நெளிஞ்சுரும். விரிசலை மூடுன பிறகு, தகட்டுக்கு அடியில 3 மி.மீ. கனத்துல 75க்கு 100 மி.மீ. பட்டைத் தகடு ஒண்ணு கொடுத்து போல்ட் அது வழியாப் போகணும். வெறும் வாஷர் போதாது. வெல்டிங் முடிஞ்சதும் ரெட் ஆக்சைடு, மேல பெயின்ட், அடியில அண்டர்கோட்.

போல்ட் ரெண்டரை நூல் (5/16 இன்ச்), இன்ச்சுக்கு 24 மரை. உள்ளூர்க் கடையில 8 மி.மீ. போல்ட்டைக் கொடுத்து எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க. விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணு, 7.94தான் அது. மரை வேற. ரெண்டு சுத்து ஏறி மூணாவது சுத்துல சிக்கும், அப்ப இறுக்குனா தகட்டுல ஒட்டவச்ச நட்டோட மரை போயிரும்.

கல்லிடை செல்வி

பின்பக்கம் பத்தி நான் சொல்றேன். லீவர் வேலை முடியுறதுக்குக் காத்திருக்க வேண்டாம், லேத்ல கொடுத்திருக்கும்போதே இதைப் பாத்துரலாம். லீவர் மாட்டாத நேரம்தான் இன்னும் நல்லது, கேபிள்ல இழுப்பே இருக்காது.

முன்சக்கரத்துக்குக் கட்டை. பின்னால தூக்கி சேசிஸ்ல ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழத்துங்க. டிரம்மை ரெண்டு ஸ்க்ரூ பிடிச்சிருக்கும். துரு பிடிச்சா சாதா ஸ்க்ரூ டிரைவரால முயற்சி பண்ணித் தலையைக் கெடுக்காதீங்க, சுத்தியலால அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வாங்குங்க. உள்ள இருக்க தூசியைக் காத்தடிச்சு ஊதக்கூடாது. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில கட்டிப் போட்டுருங்க.

லைனிங் ரிவெட் வச்சதுன்னா, ரிவெட் தலைக்கு மேல ஒரு மில்லியாவது இருக்கணும். எண்ணெய் பட்டு கருப்பா மினுங்குனா உப்புத்தாள் போட்டுப் பிரயோஜனம் இல்ல. எண்ணெய் எங்க இருந்து வருதுன்னு பாத்து அந்த சீலை மாத்திட்டு, ரெண்டு பக்கமும் புது ஷூ போடணும். ஒரு பக்கம் மட்டும் மாத்துனா ஹேண்ட் பிரேக் அந்தப் பக்கமே பிடிக்கும்.

இந்த வண்டியில ரொம்பப் பேர் தவற விடுறது வீல் சிலிண்டர், கால் பிரேக்கை அமுக்குனா ஆயில் அழுத்தத்துல ஷூவைத் தள்ளுறது. பின்சக்கரத்து சிலிண்டர் பேக் பிளேட்ல (ஷூவைத் தாங்குற தகடு) இறுக்கி வச்சது இல்ல. ஒரு நீள ஓட்டையில முன்னும் பின்னும் நழுவணும். ஹேண்ட் பிரேக் இழுத்தா சின்ன நெம்புகோல் ஒரு ஷூவைத் தள்ளும். அதோட எதிர்விசையில சிலிண்டரே மறுபக்கம் நழுவி அடுத்த ஷூவைத் தள்ளும். துருவுல சிலிண்டர் ஒட்டிப்போனா ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும். கால் பிரேக் நல்லாவே பிடிக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. உங்க வண்டியில கால் பிரேக் நல்லா இருக்கு, ஹேண்ட் பிரேக் மட்டும் நகருதுன்னு சொன்னீங்க. எனக்கு முதல் சந்தேகம் அங்கதான்.

டிரம் இல்லாத நிலையில சிலிண்டரைக் கையால நகர்த்திப் பாருங்க. கை பலத்துல நகரணும். நகரலைன்னா பின்பக்க ரப்பர் கவரையும் பிடிப்புத் தகடுகளையும் கழத்தி, ஓட்டையோட ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, சூடு தாங்குற பிரேக் கிரீஸ் ஒரு பூச்சு. சாதா சேசிஸ் கிரீஸ் உருகி லைனிங்ல வழியும். ரப்பர் கவர் கிழிஞ்சிருந்தா தண்ணி உள்ள போய் மறுபடியும் ஒட்டும், அதனால கவரை மாத்தாம மூடாதீங்க.

டிரம்மை மாட்டிட்டு அட்ஜஸ்டர். ஒரு சக்கரத்துக்கு ஒண்ணுதான், பேக் பிளேட்டுக்குப் பின்னால சதுரத் தலை. அதுக்குன்னு சதுர ஸ்பேனர் கிடைக்கும், பிளையர் வச்சா உருண்டுரும். முதல் நாளே டபிள்யூ.டி. 40 அடிச்சு ஊறவிடுங்க. வலதுபக்கமாத் திருப்புனா ஷூ விரியும். சக்கரம் பூட்டுற வரை திருப்பி, கால் பிரேக்கை ஓங்கி அமுக்கி விட்டு, மறுபடி திருப்பிப் பாருங்க, இன்னும் கொஞ்சம் போகும். பிறகு ஒரு கிளிக் பின்னால. சக்கரம் லேசா உரசிக்கிட்டு சுத்துனா சரி. இதை முடிச்சாலே பதினொரு பல்லு பாதியாக் குறையணும்.

வள்ளியூர் வண்டிக்காரன்

எல்லாரும் பெரிய வேலை சொல்லுதீங்க. பல்லு 3, 4ல நல்லாத்தான் இருக்குன்னு அவரே சொல்லுதாரு. பின்னால அட்ஜஸ்டர் டைட் வச்சா லீவர் அந்தப் பல்லுலயே நிக்கும், தேஞ்ச பல்லுக்கே போகாது. எஃப்.சி. முடிஞ்சிரும்லா?

இன்னொண்ணு, இழுக்கும்போது பட்டனை அமுக்கிக்கிட்டே இழுத்தா பல்லே தேயாது.

ஜங்ஷன் மெக்கானிக்

வள்ளியூர் வே, எஃப்.சி.க்கு வண்டி ஒரு நாள் நின்னாப் போதும். வீட்டு வாசல்ல தினமும் நிக்கணும்லா. நாக்கு முனை மழுங்குனது மழுங்குனதுதான், அது எந்தப் பல்லுல விழுந்தாலும் பாதி அகலத்துலதான் பிடிக்கும். லைனிங் தேயத் தேய லீவர் மறுபடி 7க்கும் 8க்கும் ஏறும். புஷ்ஷும் நாக்கும் மாத்தாம அட்ஜஸ்டர் மட்டும் வச்சா ரெண்டு மாசத்து வேலை.

பட்டன் விஷயம் பழைய டிரைவர்மார் எல்லாரும் சொல்லுறது. தேய்மானம் குறையும், உண்மை. ஆனா பட்டனை விட்ட பிறகு நாக்கு பல்லு நுனியில நிக்கலாம், உள்ள விழாம. அப்படிச் செய்யுறவங்க பட்டனை விட்டுட்டு லீவரை ஒரு முடி அளவு மேல இழுத்து ‘கிளிக்’ கேக்கணும். புது நாக்கு போட்டு, அது பழகுற வரைக்கும் தம்பி பட்டனை அமுக்காமலே இழுக்கட்டும். பல்லு எண்ணிக்கை காதுல கேக்கதும் ஒரு சோதனைதான்.

டாஷ்போர்டுக்கு அடியில குடைக்கம்பு மாதிரி இழுக்கிற ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிக்காரங்க இதைப் படிச்சா, மேல சொன்ன புஷ் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. அதுல கம்பிலயே பல் வெட்டியிருக்கும், திருப்புனா விடும். ஆட்டம் வந்தா கம்பி நுழையிற குழாய் வாயைப் பாருங்க.

இப்ப கேபிள், தம்பி. செல்வி சொன்ன வேலை முடிஞ்சு, லீவரும் மாட்டுன பிறகு எண்ணுங்க. நாலுல இருந்து ஆறு பல்லுக்குள்ள ரெண்டு சக்கரமும் பூட்டுனா கேபிளைத் தொடவே வேண்டாம். ஆறுக்கு மேல போனா மட்டும் கேபிள் முனையில கவட்டை மாதிரி இருக்க ஃபோர்க்கின் செக் நட்டைத் தளர்த்தி, பின்னைக் கழத்தி, ஃபோர்க்கைச் சுத்தி நீளத்தைக் குறைங்க. லீவர் முழுக்கக் கீழ இருக்கும்போது கேபிள்ல துளி தொய்வு இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

இதைச் சக்கரம் தொங்குற நிலையில செய்யாதீங்க. ஹெரால்டுக்குப் பின்னால ஸ்விங் ஆக்சில் (ரெண்டு பக்கமும் தனித்தனியா ஏறி இறங்குற அச்சு), குறுக்க ஒத்தை லீஃப் ஸ்பிரிங். ஜாக்கியில தூக்குனா சக்கரம் உள்பக்கமா மடிஞ்சு கீழ இறங்கும், கேபிள் போற வழியோட நீளமும் மாறிரும். அப்ப வச்ச டைட் தரையில இறக்குனா வேற. ஷூ அட்ஜஸ்டருக்கு மட்டும் தூக்குங்க. கேபிளுக்குச் சக்கரத்துல பாரம் ஏத்தி, பட்டறைக் குழி மேல நிறுத்திச் செய்யுங்க. ஹெரால்டுக்கு அப்புறம் வந்த கஸல் மாடல்ல பின் ஆக்சிலே வேற, அதனால கஸல் கேபிள் கிடைச்சுதுன்னு நீளம் பாக்காம வாங்கிராதீங்க.

நடுவுல ரெண்டு பக்கத்துக்கும் இழுப்பைப் பிரிச்சுக் கொடுக்கிற துண்டு ஒண்ணு இருக்கு. அது துரு பிடிச்சு நின்னா ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும். கழத்தி, துடைச்சு, கிரீஸ் வைங்க. சோதிக்க, ரெண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, கியர் நியூட்ரல்ல, மூணு பல் இழுத்து ஒவ்வொண்ணா கையால சுத்துங்க. ரெண்டும் ஒரே கனமா இருக்கணும். இதுக்குத் தொங்குற நிலை பரவாயில்ல, ஒப்பிடத்தானே.

கேபிள்ல ஒரு இழை அறுந்திருந்தாலும் மாத்தணும். பைக் கிளட்ச் கேபிள் மாதிரி ஈயம் ஊத்துன நிப்பிள் இதுக்கு ஆகாது. கையால 40 கிலோ இழுக்கீங்க, லீவர்ல 300க்கு 50ன்னா ஆறு மடங்கு, கேபிள்ல 240 கிலோ. அழுத்திப் பொருத்துன முனைதான் தாங்கும். பழைய கேபிளை மாதிரி கொடுத்து, உள் கம்பி நீளம், வெளி உறை நீளம் ரெண்டையும் எழுதிக் கொடுங்க. உறை நீளம் தப்பானா ஃபோர்க்குல அட்ஜஸ்ட்மென்டே மிஞ்சாது.

பாளை ஹெரால்டு

செல்வி அக்கா சொன்ன மாதிரியே இடதுபக்க சிலிண்டர் நகரவே இல்ல. வலது நகருது. தரையில இருந்த கோடு தகடு விரிசல்தான், ஸ்க்ரூ டிரைவர் உள்ள போகல. லேத்ல அளவு எழுதிக் கொடுத்திருக்கேன், நாக்குக்கு நேரா வைக்க இடதுபக்கம் 5.5, வலது 4.2 வருது.

ரெண்டு கேள்வி. ஒட்டுன சிலிண்டரைச் சுத்தியல்ல தட்டி எடுக்கலாமா? வேலை முடிஞ்சதும் எவ்வளவு சரிவுல சோதிக்கணும்?

கல்லிடை செல்வி

சிலிண்டர் உடம்புல சுத்தியல் படக்கூடாது. துரு இளக்குற எண்ணெய் ஊறவிட்டு, மரக்கட்டை வச்சு நழுவுற திசையில மட்டும் தட்டுங்க, ரெண்டு பக்கமும் மாறி மாறி. அசையலைன்னா பிரேக் பைப்பைக் கழத்தி சிலிண்டரையே வெளிய எடுத்துருங்க. அப்படி எடுத்தா உள்ள ரப்பர் கப்பையும் மாத்தி, புது டாட் 3 பிரேக் ஆயில் விட்டு, ஏர் எடுக்கணும். கழத்தும்போது பைப் நட்டு பைப்போட சேந்து முறுக்குதான்னு பாத்துக்கிட்டே திருப்புங்க. முறுக்குனா நிறுத்தி மறுபடி ஊறவிடுங்க.

ஜங்ஷன் மெக்கானிக்

ஆறு அடிக்கு ஒரு அடி ஏறுற சரிவு போதும். வண்டி ஏறக்குறைய 800 கிலோ, அந்தச் சரிவுல கீழ இழுக்கிற விசை 130 கிலோ சொச்சம். வீட்டு போர்டிகோ ஏத்தம் இந்த அளவுல இருக்கான்னு நூல் பிடிச்சு அளந்துக்கிடுங்க. திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்துல போய் சோதிக்க வேண்டாம், பின்னால பஸ் நிக்கும். சக்கரத்துக்கு ஒரு சாண் கீழ கட்டையைப் போட்டு, கியர் நியூட்ரல்ல, காலை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. முகத்தை ஏத்தம் பக்கம் வச்சு ஒரு தடவை, இறக்கம் பக்கம் வச்சு ஒரு தடவை. ஒரு திசையில மட்டும் நகர்ந்தா ஏதோ ஒரு ஷூ வேலை செய்யல, டிரம்மைத் திரும்பக் கழத்தணும்.

பிறகு பிரேக் ரொம்பத் தொடாம அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி, ரெண்டு பின் டிரம்லயும் கை வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூட்டுல, கை வைக்கிற அளவுல இருக்கணும். 300 கிலோமீட்டர் போனதும் அட்ஜஸ்டரை இன்னொரு தடவை பாக்கணும், புது லைனிங் போட்டா கண்டிப்பா. ஃபோர்க் பின்னுல கழத்துன பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீங்க, அளவு பாத்து புதுசு வாங்கிக்கிடுங்க.